பம்புரூம் தெருவில் இருட்டாத வீடு

சீனியம்மாள் வீட்டில் மட்டும் பொழுது இறங்காமல் நின்றுபோனது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு எங்கள் தெருவில் மற்ற இருபத்தேழு வீட்டிலும் ஆறே முக்காலுக்கு லைட்டைப் போட்டுவிட்டோம், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கோயில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது, கோழிகள் அடைந்துவிட்டன; பம்புரூமை ஒட்டியிருந்த அவளுடைய ஓட்டு வீட்டுக்குள் மட்டும் காலை பத்து மணி வெயில் அப்படியே தையல் மிஷின் மேல் விழுந்துகொண்டிருந்தது, அவளும் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள், மிதித்துக்கொண்டே கவிதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சீனி பிளவுஸ் தைக்கிறவள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தால் போதும், நாடாவுக்கு வேலையே இருக்காது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், மதுரையிலிருந்து வரும் ஒரு சின்னப் பத்திரிகையில் அவளுடைய மூன்று கவிதைகள் வந்திருந்தன, அதை அவள் யாரிடமும் காட்டியதில்லை, அவள் புருஷன் குருவையா அண்ணன்தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்து எல்லோரிடமும் காட்டினார். அவர் நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று மணிக்கு அவர் வால்வைத் திருகினால்தான் எங்கள் குடம் நிறையும். நான் அவர்களுக்கு எதிர்வீட்டுக்காரி, தங்கமாரி. வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுகிறவள். அதனால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். இரண்டாம் நாள் மின்சார வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்தார், அது ஓடவில்லை, மெயின் சுவிட்சை இறக்கிப் பார்த்தார், வெயில் அப்படியே நின்றது. "எங்க கரண்ட்டு இல்ல இது" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா தன்னுடைய தீப்பெட்டித் தட்டையும் பசைக் கிண்ணியையும் தூக்கிக்கொண்டு அந்த வெயிலுக்குள் போய் உட்கார்ந்தாள். "கண்ணு வலிக்காம ஒட்டலாம்ளா, வாங்க" என்று எங்களைக் கூப்பிட்டாள். போனோம்.

அதற்குப் பிறகு யார்தான் போகவில்லை? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை ட்யூஷன் வாத்தியார் செல்லையா வரிசையாக உட்கார வைத்தார். நகைக்குக் கல் பதிக்கிற ஆசாரி பட்டறையையே தூக்கிக்கொண்டு வந்தார். மழை பெய்த நாளில்கூட வத்தல் காயவைக்க அவள் வீட்டுப் பின்கட்டில் இடம் பிடித்தோம், அரிசியில் கல் பொறுக்கினோம், பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தோம், அவள் வீட்டுக் கோழிகள் பொழுது தெரியாமல் நாளைக்கு இரண்டு முட்டை இட்டன, அதையும் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுத்தோம். சீனி எல்லோரையும் சிரித்துக்கொண்டே வரவேற்றாள், பேசிக்கொண்டே இருந்தாள், ஒரு பேச்சிலிருந்து இன்னொரு பேச்சுக்குத் தாவினாள், அவள் பேச்சுக்கு எங்கள் காதால் ஓட முடியவில்லை. நாற்பது நாளில் நூற்றுப் பத்து பிளவுஸ் தைத்தாள். சுவரில் மார்க்கர் பேனாவால் எழுதினாள்:

*என் மிஷினுக்கு இன்று ஆயிரம் சக்கரம்
தெருவை ஒரே இழையில் கோர்த்து
வானத்துக்கு ஓரம் அடிக்கிறேன்
யாரும் அவிழ்க்க வேண்டாம்.*

செல்லையா வாத்தியார் அதைப் பிள்ளைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னார். அவள் தூங்குகிறாளா என்று நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. குருவையா அண்ணன் மட்டும் வெயிலுக்குத் துண்டால் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, "கொஞ்சம் வந்து படு சீனி" என்று சொல்வார். "இந்தா வாரேன்" என்பாள். வரமாட்டாள்.

நாற்பத்தியோராம் நாள் வெயில் போனது. சாயங்காலம் போவதுபோல் மெல்லப் போகவில்லை, யாரோ வேட்டியைப் போட்டு மூடியதுபோல் போனது. அதற்கப்புறம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் அந்த வீட்டுக்குள் இருட்டுதான். பல்பு எரியும், ஆனால் வெளிச்சம் பல்பிலிருந்து ஒரு சாண் தூரம் வந்து நின்றுகொள்ளும். சீனி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாப்பிடச் சொன்னால் வாயைத் திறப்பாள், மென்று முடிக்க மறந்துவிடுவாள். தலை வார அவளால் கை தூக்க முடியவில்லை. ஒரு நாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது தலையணைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத் துணி கிடந்தது, அதில் கோணல் கோணலாக எழுதியிருந்தாள்:

*நூல் கோர்க்க முடியவில்லை
ஊசியும் காதை மூடிக்கொண்டது.*

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த இருட்டுக்கும் நாங்கள் ஒரு உபயோகம் கண்டுபிடித்தோம். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் அங்கே போய்ப் படுத்தால் வலி விட்டது. பகலில் தூங்க வேண்டிய மில் காவலாளி பாயோடு வந்தார். தூங்காத கைக்குழந்தைகளை அந்த நடையில் தொட்டில் கட்டிப் போட்டோம், அவை அங்கே தூங்கியதுபோல எங்கேயும் தூங்கவில்லை. எல்லோரும் காலடிச் சத்தம் கேட்காமல் வந்தோம், மெதுவாகப் பேசினோம், அவளைத் தாண்டிப் போனோம், தாண்டி வந்தோம். சில மாதம் கழித்து வெயில் திரும்பி வந்தது, பின்னாலேயே இருட்டும் வந்தது, இப்படி மாறி மாறி நான்கு வருஷம். வெயில் காலத்தை வெயில் வேலைக்கும் இருட்டுக் காலத்தை இருட்டு வேலைக்கும் ஒதுக்கி, செல்லையா வாத்தியார் பம்புரூம் சுவரில் ஒரு அட்டவணையே ஒட்டி வைத்தார். எங்கள் தெருவுக்கு ரேஷன் கடை எப்படியோ, மாட்டாஸ்பத்திரி எப்படியோ, அப்படிச் சீனியம்மாள் வீடு.

நான்காவது வருஷத்து வெயிலில் பேச்சியக்கா தன் மகள் கனகத்தின் முகூர்த்தப் பட்டுச் சேலையைப் பிளவுஸ் துணி வெட்டித் தைக்கக் கொடுத்திருந்தாள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. மறுநாள் காலையில் நாங்கள் கதவைத் திறந்தபோது தெரு மின்னியது. கம்பிக் கதவு, சைக்கிள் ஹேண்டில்பார், கொடிக்கயிறு, பம்புரூம் குழாய், முருங்கைக் கிளை எல்லாவற்றிலும் கைக்குட்டை அளவுக்கு வெட்டிய பட்டுத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓரம் மடித்து அடித்து, குஞ்சம் வைத்துக் கட்டியிருந்தாள் சீனி. அவ்வளவு அழகை நான் பார்த்ததில்லை. பேச்சியக்கா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன காரியம்ளா பண்ணிட்ட?"

"ஒரு ஆளு உடுத்துறதத் தெருவே உடுத்தட்டும்னு பாத்தேன்க்கா" என்றாள் சீனி. அவள் கண் சிவந்து, உதடு வெடித்து, கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பேச்சியக்காவின் அண்ணன் வீட்டிலிருந்து வேறு சேலை வந்து கல்யாணம் நடந்துவிட்டது. பேச்சியக்கா அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இரண்டு வாரத்தில் இருட்டு வந்தது, முன்னால் வந்த எல்லா இருட்டையும்விடக் கனமாக. அந்த இருட்டில் சீனிக்குத் தான் செய்தது ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. கனகம், கனகம் என்று அந்தப் பெண்ணின் பேரையே சொல்லிக்கொண்டு கிடந்தாள்.

ஆவணி மாதம் ஒரு நாள் மத்தியானம் குருவையா அண்ணன் வால்வு திறக்கப் போனபோது, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போகும் இரும்பு ஏணியின் அடியில் சீனி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

"இங்க என்ன செய்யுத சீனி?"

"மேல ஏறலாம்னு வந்தேன்."

"மேல எதுக்கு?"

அவள் தொட்டியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "ரெண்டு படி ஏறுனேன். அதுக்கு மேல ஏறத் தெம்பு இல்லங்க" என்றாள்.

குருவையா அண்ணன் அவளுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். "நல்லவேள" என்றார். "தெம்பு இல்லாமப் போனது ஒரு தடவையாவது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அழுதார். அவள் அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள். அன்றைக்குத் தண்ணீர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. நாங்கள் குடத்தோடு நின்று அவரைத் திட்டினோம். எதற்காகத் தாமதம் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே எஸ்தர் என்று ஒரு டாக்டரம்மா. குருவையா அண்ணன் வெயிலைப் பற்றியும் இருட்டைப் பற்றியும் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. "வெயில் எத்தனை நாள் நின்னுச்சு? இருட்டு எத்தனை நாள்?" என்று கேட்டு ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே போனார். மேலே போய்க் கீழே வந்து, மறுபடி மேலே போய்க் கீழே வந்த அந்தக் கோட்டைத் திருப்பி அவர்களிடம் காட்டினார்.

"இதுக்கு இருமுனைக் கோளாறுன்னு பேரு. நீங்க கெட்டவங்க இல்ல, சோம்பேறி இல்ல, சாமியாடியும் இல்ல. சுகர் மாதிரி, பிரஷர் மாதிரி இது ஒரு நோய். லித்தியம்னு ஒரு மாத்திரை தர்றேன், அது ஒரு வகை உப்புதான். தவறாமப் போடணும், தண்ணி நிறைய குடிக்கணும், சொல்ற நாள்ல வந்து ரத்தம் கொடுக்கணும்."

சீனி அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். அப்போதுதான் கேட்டாள்.

"கவிதை போயிருமா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கொஞ்ச நாள் வராமப் போகலாம். வேற மாதிரி வரலாம். போகவே போகாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா எழுதுறதுக்கு முதல்ல நீங்க இருக்கணும்ல?"

மாத்திரை போட ஆரம்பித்தாள். தாகம் எடுத்தது, குடத்துத் தண்ணீரைக் குடித்தாள். கை லேசாக நடுங்கியது, ஊசியில் நூல் கோர்க்க ஐந்தாறு தடவை முயல வேண்டியிருந்தது. இருட்டு மெல்ல விலகியது. ஆனால் அதற்குப் பின்னால் பழைய வெயில் வரவில்லை. ஐப்பசி போனது, கார்த்திகை போனது. அந்த வீட்டில் ஒரு நாள் எட்டே காலுக்குப் பொழுது இறங்கியது, ஒரு நாள் ஐந்தரைக்கே இறங்கியது, எதையோ தடவித் தடவித் தேடுவதுபோல் சாயங்காலம் அந்த வீட்டை வந்து வந்து பார்த்துவிட்டுப் போனது.

தை மாதம் நாங்கள் பம்புரூம் முன்னால் கூடிவிட்டோம். பங்குனியில் பரீட்சை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, குருவையா அண்ணன் வால்வுக்குப் பக்கத்தில் நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீக குருவையா" என்றார் செல்லையா வாத்தியார். "பதினாலு பிள்ளைக. நாலு வருசமா அந்த வெளிச்சத்துல படிச்சுப் பழகியிருக்கு. பரீட்சை முடியிற மட்டும் அந்த மாத்திரைய நிப்பாட்டி வைக்கக் கூடாதா? அப்புறம் போட்டுக்கிடட்டும்."

"எங்களுக்கும் ஆர்டர் நிறைய கெடக்கு அண்ணே" என்று ஒருத்தி சொன்னாள். அந்த ஒருத்தி நான்தான்.

குருவையா அண்ணன் எங்கள் முகங்களைப் பார்த்தார். "அவ செத்துப்போவா" என்றார். வால்வை மூடிவிட்டுப் போய்விட்டார். ஆனால் நாங்கள் பேசியதை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து சீனி கேட்டுவிட்டாள்.

நான்கு நாள் கழித்து, விளக்குப் போடுகிற நேரத்தில் அவள் வீட்டு ஜன்னல் வழியாக ஒரு வெயில் கீற்று தெருவில் விழுந்தது. பழைய பத்து மணி வெயில், அதே மஞ்சள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், தட்டுகளை எடுத்துக்கொண்டு போனோம். சீனி மிஷினில் உட்கார்ந்து வேகமாக மிதித்துக்கொண்டிருந்தாள், "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க" என்றாள், கன்னம் பளபளவென்று இருந்தது. நாங்கள் உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தோம்.

அப்போது வாசலில் பேச்சியக்கா வந்து நின்றாள். சேலை விவகாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக வருகிறாள். கையில் தட்டு இல்லை, ஒரு நீலப் பிளவுஸ் இருந்தது. நேராகச் சீனியிடம் போய் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"மாத்திர போட்டியா?"

"இல்லக்கா."

"எத்தன நாளா?"

"நாலு நாளா."

"ஏன் போடல?"

"எல்லாரும் கேட்டாகள்ல" என்றாள் சீனி. "நான் ஒங்க எல்லாருக்கும் அவ்வளவு கெடுதல் செஞ்சிருக்கேன். இதையாவது தரலாம்னு..."

பேச்சியக்கா பிளவுஸை உள்பக்கம் வெளியே தெரியும்படித் திருப்பினாள். "ரெண்டு வருசமா இத உடுத்துதேன். இன்னைக்குத் துவைக்கையில லைனிங் பிரிஞ்சிருச்சு. உள்ள நீ எழுதியிருக்க. எனக்கு வாசிக்க வராது, வீட்டுக்கு வந்திருந்த கனகத்த வாசிக்கச் சொன்னேன். தங்கமாரி, நீ வாசி. எல்லாரும் கேக்கட்டும்."

நான் வாங்கி வாசித்தேன். சாயம் ஊறிய துணியில் மார்க்கர் எழுத்து லேசாக வெளுத்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

*பகலே, சற்று உட்காரேன்
எனக்குக் கால் வலிக்கிறது.*

எங்கள் கிண்ணியில் பசை காய்ந்துகொண்டிருந்தது. "நாம இவ வீட்டுக்குள்ள உக்காந்து சுகமா வேல பாத்தோம். இவ நமக்கு நடுவுல உக்காந்து வலிக்குது வலிக்குதுன்னு எழுதித் தச்சு, நம்ம மேலயே உடுத்திவிட்டிருக்கா. ஒரு சிறுக்கிக்கும் தெரியல, எனக்கும் தெரியல" என்று பேச்சியக்கா சொன்னாள். பிறகு திரும்பி, "தட்டெல்லாம் எடுங்க. வீட்டுல ட்யூப் லைட் இருக்குல்ல? எந்திரிங்க" என்றாள்.

எழுந்தோம். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, மாத்திரையைச் சீனியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விழுங்குகிற வரைக்கும் பேச்சியக்கா அங்கேயே நின்றாள். "சேலைக்கு எனக்கு இன்னும் கோவம் இருக்கு" என்றும் சொன்னாள். "அது இருந்துட்டுப் போகட்டும். நீயும் இரு." அன்றைக்கு அவள் தன் பாயைச் சீனிக்குப் பக்கத்தில் விரித்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் குருவையா அண்ணனோடு சேர்ந்து டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான்.

நான் வீட்டுக்குப் போய் என் பிளவுஸ்களை எடுத்து ஒவ்வொன்றாக லைனிங்கைப் பிரித்தேன். அடுத்த வீட்டிலும் பிரித்தார்கள். தெரு முழுக்கத் தையல் பிரிக்கிற சத்தம். எல்லாவற்றிலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாவது இருந்தது. ஆசாரி பெண்டாட்டியின் பிளவுஸில், *பத்து மணி, பத்து மணி, பத்து மணி, பதினொன்று ஆக யாரைக் கேட்க வேண்டும்* என்று இருந்தது. என்னுடைய சந்தன நிறப் பிளவுஸில் இருந்ததை நான் யாருக்கும் காட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

*எல்லோரும் என் வெயிலில் காயவைக்கிறார்கள்
சாயங்காலம் என்னை எடுத்து
உள்ளே வைக்க ஒரு கை இல்லை.*

அந்த ஞாயிற்றுக்கிழமை பம்புரூம் முன்னால் ஆளுக்கு ஒரு பிளவுஸோடு கூடி, பெண்களெல்லாம் வரிசையாக நின்று வாசித்தோம். ஆண்கள் தலையைக் குனிந்து கேட்டார்கள். செல்லையா வாத்தியார் அட்டவணையைக் கிழித்தார், பிறகு ஆள் பார்த்து நகராட்சிப் பள்ளியில் சாயங்காலம் ஒரு அறையைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்தார். பதினாலு பிள்ளைகளில் பதின்மூன்று தேறின. தேறாத ஒன்று என் மகன், அவன் வெயிலிலும் படிக்காதவன்.

சீனியின் வீட்டுச் சாயங்காலம் ஒழுங்குக்கு வர இன்னும் ஐந்து மாதம் ஆனது. மாத்திரையின் அளவை டாக்டரம்மா இரண்டு தடவை மாற்றினார். மாசியில் ஒரு வாரம் இருட்டு எட்டிப்பார்த்தது, அந்த வாரம் முழுக்க நாங்கள் முறை வைத்து அவளோடு உட்கார்ந்தோம், தலைவலிக்காரர்கள் யாரும் வரவில்லை. பிறகு பொழுது எட்டு மணிக்கு இறங்கியது, ஏழே முக்காலுக்கு, ஏழு பத்துக்கு. ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தெருவில் மற்ற வீடுகளில் வெளிச்சம் மங்க ஆரம்பித்த அதே நேரத்தில் அந்த ஓட்டு வீட்டிலும் மங்க ஆரம்பித்தது. பேச்சியக்காதான் முதலில் பார்த்துச் சத்தம் போட்டாள். எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். வாசல்படியிலிருந்து வெயில் நகர்ந்து, சுவரில் ஏறி, சிவந்து, ஓட்டின் நுனியில் கொஞ்ச நேரம் நின்று, போனது. சாம்பல் நிறத்தில் ஒரு சாதாரணச் சாயங்காலம் நடைக்குள் வந்து உட்கார்ந்தது. சீனி கதவு நிலையில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள், அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "போங்க, போய் அவரவர் வீட்டு வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டாள். ட்யூப் லைட் இரண்டு தடவை விட்டு விட்டு எரிந்து, பிறகு நின்று எரிந்தது.

இப்போதும் சில நாள் அவள் வீட்டில் பொழுது பத்து நிமிஷம் பிந்தும், சில நாள் முந்தும். அதை ஒரு நோட்டில் குறித்துவைத்து டாக்டரம்மாவிடம் காட்டுகிறாள். கனகத்தின் பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள், பேச்சியக்கா வாங்கிக்கொண்டாள், உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் எழுதல?" என்று கேட்டாள். "வரலக்கா, வந்தா எழுதுதேன்" என்றாள் சீனி. எட்டு மாதம் ஒரு வரி வரவில்லை. அவள் அழவும் இல்லை, காத்திருந்தாள்.

புரட்டாசியில் ஒரு நாள், சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, அளவு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் அவள் எதையோ எழுத ஆரம்பித்தாள். குருவையா அண்ணன் மூச்சு விடவும் பயந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு வரி எழுதினாள், அடித்தாள், யோசித்தாள், மறுபடி எழுதினாள். முன்பெல்லாம் அவள் எதையும் அடித்ததே கிடையாது. ஐந்தாறு வரி வந்திருக்கும்.

"வாசியேன் சீனி" என்று கேட்டிருக்கிறார்.

அவள் நோட்டை மூடி மிஷின் மேல் வைத்தாள். வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டாள்.

"காலைல வாசிக்கேன்" என்றாள். "இப்பத் தூக்கம் வருது."